கிரீஸில் படிக்கப் போகிறவர்களுக்கு: பழசும் புதுசும் சேர்த்து ஒரு வழிகாட்டி

கிரீஸில் போய்ப் படிக்க வேண்டும் என்று சொல்பவர்களில் பெரும்பாலானவர்கள் மனத்தில் வைத்திருப்பது பார்த்தினான் கோயில், சாக்ரடீஸ், பழைய ஒலிம்பிக் போட்டிகள். ஏதென்ஸில் இறங்கியதும் கண்ணில் படுவதோ வரிசையாக நிற்கும் கான்கிரீட் குடியிருப்புகள், சுவரெல்லாம் கிறுக்கல்கள், இரவு பதினொரு மணிக்கும் நிரம்பி வழியும் காபிக் கடைகள். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று முடிவுகட்டி, மியூசியத்துக்கும் விடுதிக்கும் நடுவிலேயே ஒரு செமஸ்டரைக் கழித்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. அப்படிப் படிப்பதற்கு ஊரிலேயே நல்ல நூலகம் போதும்.

நாம் இன்று பார்க்கும் பழைய கிரீஸில் பாதி, புதிய கிரீஸ் எடுத்த முடிவுகளின் விளைவு. ஏதென்ஸின் அக்ரோபொலிஸ் குன்றின்மேல் கோயில்கள் மட்டும் தனியாக நிற்கின்றன அல்லவா? இரண்டாயிரம் ஆண்டுகள் அது அப்படி இருக்கவில்லை. பார்த்தினான் தேவாலயமாக இருந்தது, பிறகு மசூதியானது. 1687இல் வெனிஸ் படையின் குண்டு உள்ளே வைத்திருந்த வெடிமருந்தில் விழுந்து வெடித்தது. சுதந்திர நாடான பிறகுதான் குன்றின்மேல் இருந்த இடைக்காலக் கட்டடங்களையும் துருக்கியர் காலக் கட்டடங்களையும் அகற்றினார்கள். வாசல் அருகே நின்ற உயரமான இடைக்காலக் கோபுரத்தை 1875இல்தான் இடித்தார்கள். கீழே அகோரா என்னும் பழைய சந்தைவெளியைத் தோண்ட, அங்கே மக்கள் குடியிருந்த ஒரு பேட்டையையே 1930களில் காலி செய்ய வேண்டியிருந்தது. அங்கே முழுசாக நிற்கும் அத்தாலோஸ் மண்டபம் 1950களில் திரும்பக் கட்டியது. ஆக, பழசைப் புரிந்துகொள்ளவே புதுசு தெரிந்திருக்க வேண்டும். கீழே சொல்லும் எல்லா ஆலோசனையும் இந்த ஒரு கருத்தை ஒட்டித்தான்.

எவ்வளவு காலம், எந்த மாதிரிப் படிப்பு

முதல் முடிவு இதுதான். மற்றவை எல்லாம் இதற்குப் பின்னால் வரும்.

முழுப் பட்டம் வேண்டும் என்றால், ஏதென்ஸ் தேசிய கப்போதிஸ்திரியப் பல்கலைக்கழகம் பண்டைய கிரேக்கத்தின் தொல்லியல், வரலாறு, இலக்கியம் மூன்றையும் சேர்த்து, வெளிநாட்டு மாணவர்களுக்கென்றே ஆங்கிலத்தில் நான்காண்டுப் பட்டப்படிப்பு நடத்துகிறது. 1837இல் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. கட்டணம் ஆண்டுக்கு 6000 யூரோ என்ற அளவில் அறிவித்திருந்தார்கள். விண்ணப்பிக்கும் ஆண்டின் தொகையைப் பல்கலைக்கழகத்தின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மற்ற பட்டப்படிப்புகள் பெரும்பாலும் கிரேக்க மொழியில்தான். அவற்றில் சேர மொழிச் சான்றிதழ் கேட்பார்கள்.

ஒரு செமஸ்டர் அல்லது ஓராண்டு போதும் என்பவர்களுக்கு வேறு ஏற்பாடுகள் இருக்கின்றன. காலேஜ் இயர் இன் ஏதென்ஸ் என்ற நிறுவனம் 1962 முதல் இதையே செய்துவருகிறது. பழைய கிரேக்கம், இன்றைய கிரேக்கம், தொல்லியல், தற்கால அரசியல் எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும். வகுப்போடு சேர்த்தே கிரீட் தீவுக்கும் தெற்குத் தீபகற்பமான பெலொப்பொனேசுக்கும் பயணங்கள் உண்டு. ஆனால் கட்டணம் அமெரிக்கக் கல்லூரிக் கணக்கில் இருக்கும், மாணவர்களும் பெரும்பாலும் அமெரிக்கர்களே. அமெரிக்காவிலோ கனடாவிலோ படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது வசதி. அவர்களின் கல்லூரி கிரெடிட்டை ஏற்றுக்கொண்டால் உதவித்தொகையும் கூடவே வரலாம். அகியா பரஸ்கெவியில் இருக்கும் தெரே கல்லூரியும் ஏறக்குறைய இந்த வகை.

மூன்றாவது, கோடைக்காலம் மட்டும். ஏதென்ஸில் 1881 முதல் இயங்கும் அமெரிக்கத் தொல்லியல் பள்ளியும், 1886 முதல் இயங்கும் பிரிட்டிஷ் பள்ளியும் கோடையில் சில வாரப் பயிற்சிகள் வைக்கின்றன. ஏற்கெனவே கிரேக்க, ரோமானியச் செவ்வியல் படித்தவர்களுக்குத்தான் அவை. மொழி மட்டும் கற்கக் கோடைக்கு வருவதென்றால் வடக்கே இருக்கும் தெசலோனிக்கி நகரம் நல்லது.

இந்தியாவில் இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்கலாம். டெல்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் கிரேக்க ஆய்வுக்கென்று ஓர் இருக்கை இருக்கிறது. அதற்குத் திமித்ரியோஸ் கலானோஸ் பெயர். ஏதென்ஸில் பிறந்து, காசியில் பல ஆண்டுகள் வாழ்ந்து, சமஸ்கிருத நூல்களைக் கிரேக்கத்தில் பெயர்த்து, அங்கேயே 1833இல் மறைந்தவர். கிளம்பும் முன் மொழியின் அரிச்சுவடியைக் கற்க டெல்லியில் இருப்பவர்களுக்கு அது ஒரு வழி.

உதவித்தொகைக்கு கிரேக்க அரசின் உதவித்தொகை அறக்கட்டளை, ஒனாசிஸ் அறக்கட்டளை இரண்டையும் தேடிப் பாருங்கள். இளங்கலைக்குக் கிடைப்பது குறைவு, ஆய்வு மாணவர்களுக்கு அதிகம். உங்கள் கல்லூரிக்கு எராஸ்மஸ் என்னும் ஐரோப்பிய மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒப்பந்தம் இருக்கிறதா என்று வெளிநாட்டுத் தொடர்பு அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். பலர் இதைக் கேட்பதே இல்லை.

ஏதென்ஸா, தெசலோனிக்கியா

கண்ணை மூடிக்கொண்டு ஏதென்ஸ் என்று எழுதிவிடாதீர்கள்.

கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு ஏதென்ஸ், நாடகம், தத்துவம், ஜனநாயகம் இவைதான் உங்கள் ஆர்வம் என்றால் ஏதென்ஸ்தான். தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம் ஒன்றுக்கே ஒரு செமஸ்டர் போதாது. கப்பலோடு மூழ்கிக் கிடைத்த பல்சக்கரக் கணிப்பொறியான ஆண்டிகித்தேரா கருவி அங்கேதான் இருக்கிறது. அதற்கு அடுத்த கட்டடம் பாலிடெக்னிக். 1973 நவம்பர் 17இல் ராணுவ ஆட்சி டாங்கியை விட்டு வாசல் கதவை உடைத்து மாணவர் எழுச்சியை அடக்கிய வளாகம். ஒரே தெருவில், ஐந்து நிமிட நடையில் இரண்டும். ஆண்டுதோறும் நவம்பர் 17 அன்று ஊர்வலம் போகும். அன்று மியூசியத்துக்குத் திட்டம் போடாதீர்கள்.

தெசலோனிக்கி வேறு மாதிரி. அங்கே பார்த்தினான் இல்லை. ரோமானிய, பைசாந்திய, துருக்கிய, யூத, அகதி அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. ரோமானியர் கட்டிய ரொத்துந்தா என்னும் வட்டக் கட்டடம் தேவாலயமாகி, மசூதியாகி, இன்று நினைவுச்சின்னமாக நிற்கிறது. 2024 நவம்பர் கடைசியில் திறந்த மெட்ரோவின் வெனிசேலு நிலையத்துக்குள்ளேயே தோண்டும்போது கிடைத்த பழைய கடைத்தெரு காட்சிக்கு இருக்கிறது. ஊரில் ஒரு காலத்தில் பெரும்பகுதி யூதர்கள். 1943இல் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஜெர்மானியர் ஆஷ்விட்சுக்கு ரயிலேற்றினார்கள். முந்தின ஆண்டு அழித்த யூதர் இடுகாட்டின்மேல்தான் இன்றைய அரிஸ்டாட்டில் பல்கலைக்கழக வளாகத்தின் பெரும்பகுதி நிற்கிறது. அங்கே படிக்கப் போகிறவர் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். பண்டைய மாசிடோனிய அரசின் இடங்களும் பக்கம்தான். 1977இல் அரச கல்லறைகள் கிடைத்த வெர்கினாவுக்குக் காலையில் போய் மாலையில் திரும்பலாம்.

வாடகையும் ஏதென்ஸைவிடக் குறைவு. அரிஸ்டாட்டில் பல்கலைக்கழகத்தின் புதிய கிரேக்க மொழிப் பள்ளி 1970 முதல் வெளிநாட்டவருக்குப் பாடம் நடத்துகிறது. என்னைக் கேட்டால், இரண்டு செமஸ்டர் இருப்பவர்கள் ஒன்றை இங்கே கழிக்கலாம். குளிர்தான் கொஞ்சம் கடுமை. வர்தாரிஸ் என்னும் வடக்குக் காற்று வீசும் நாளில் தெரியும்.

மொழி: எதை முதலில் கற்பது

பழைய கிரேக்கம் படிக்கத்தானே போகிறோம், இன்றைய மொழி எதற்கு என்று கேட்பவர்களுக்கு: கல்வெட்டுக் காப்பாளரிடம் பேசவும், உள்ளூர் ஆய்வாளர்களின் அகழாய்வு அறிக்கையைப் படிக்கவும், கிராமத்துப் பேருந்து எங்கே நிற்கும் என்று கேட்கவும் அதுதான் வேண்டும். கிளம்புவதற்கு மூன்று மாதம் முன்பே இன்றைய கிரேக்கத்தைத் தொடங்குங்கள். பழைய மொழியை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். ஏற்கெனவே பழையதைப் படித்தவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். மேற்கத்திய வகுப்பறைகளில் சொல்லித்தரும் எராஸ்மிய உச்சரிப்பு கிரீஸில் செல்லாது. அங்கே ஆசிரியர்கள் பிளேட்டோவையும் இன்றைய உச்சரிப்பில்தான் வாசிப்பார்கள். பீட்டா எழுத்து அங்கே 'வ'. 'இ' ஓசைக்கு மட்டும் ஐந்தாறு எழுத்துமுறைகள் இருப்பதால், கேட்பது சுலபம், பிழையின்றி எழுதுவதுதான் பாடு.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இங்கே சில சலுகைகள் உண்டு. கிரேக்க 'த' நம் 'த' போலவே பல்லில் படும். ஆங்கிலேயர்கள் 'ட' என்று இழுத்துத் திருத்தம் வாங்கும் இடத்தில் நாம் தப்பித்துவிடுவோம். மெல்லின எழுத்துக்குப் பின் வரும் வல்லினம் நம்மிடம் மெலிந்து ஒலிப்பதுபோல அங்கேயும் ஒலிக்கும். ஐந்து என்பதற்கு அவர்கள் எழுதுவதைத் தமிழில் 'பெந்தே' என்று எழுதி, 'பந்து' மாதிரி வாசித்தால் சரியாக வந்துவிடும். வேற்றுமை உருபும் நமக்குப் புதிதல்ல. ஆசிரியரையும் மூத்தவர்களையும் 'எசீஸ்' என்று பன்மையில் அழைப்பது நம் 'நீங்கள்' கணக்குத்தான். தடுமாறவைப்பது பால் பாகுபாடு. உயிரில்லாத பொருளுக்கும்கூட ஆண்பால் பெண்பால் உண்டு; நாற்காலி பெண்பால். மனப்பாடம் தவிர வழியில்லை.

'நே' என்றால் ஆமாம். இல்லை என்பதற்கு 'ஓஹி'. சில சமயம் அதுகூடச் சொல்லாமல் தலையை லேசாக மேலே தூக்கி, நாக்கால் 'ச்ச்' என்பார்கள். கோபம் என்று நினைக்க வேண்டாம், வெறும் மறுப்பு.

வகுப்புக்கு ஏதென்ஸ் பல்கலைக்கழகத்தின் மொழி போதனை மையம் ஸொக்ராபு வளாகத்தில் இருக்கிறது. சான்றிதழ் தேவையென்றால் எலினோமாத்தியா என்னும் அரசுத் தேர்வு. ஏ1 முதல் சி2 வரை நிலைகள், ஆண்டுக்கொருமுறை மே மாதத்தில். பதிவு பல மாதம் முன்பே முடிந்துவிடும் என்பதால் குளிர்காலத்திலேயே தேதியைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பக் கடிதம்

'சிறுவயது முதலே கிரேக்க நாகரிகத்தின்மேல் ஆர்வம்' என்று தொடங்கும் கடிதங்கள் ஆயிரம் வரும். தமிழ்நாட்டிலிருந்தோ ஈழத்திலிருந்தோ போகிறவர்களிடம் சொல்ல நிஜமாகவே ஒரு விஷயம் இருக்கிறது. யவனர் மரக்கலங்கள் முசிறிக்குப் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூறு சொல்கிறது. எதிர்ப்பக்கத்தில், முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதிய எரித்திரேயக் கடல் பெரிப்ளஸ் என்னும் கடல்வழிக் கையேடு நம் துறைமுகங்களைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. முசிறி வணிகம் பற்றிய இரண்டாம் நூற்றாண்டுக் கடன் ஒப்பந்தம் ஒன்றும் கிரேக்கத்தில் எழுதிய பாப்பிரஸாக வியன்னாவில் இருக்கிறது. இந்தச் சரக்கை இரண்டு மொழியிலும் மூலத்தில் படிக்கக் கூடியவர்கள் மிகக் குறைவு. உங்களுக்கு அதில் உண்மையிலேயே ஈடுபாடு இருந்தால் கடிதத்தில் எழுதுங்கள். இல்லையென்றால் வலிந்து நுழைக்க வேண்டாம், பேட்டியில் ஒரே கேள்வியில் வெளுத்துவிடும்.

விசா

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு என்றால் 90 நாளுக்குள் முடியும் கோடைப் படிப்புக்கு, பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா. அதற்குமேல் என்றால் படிப்புக்கான தேசிய விசா, அதாவது 'டி' வகை. சிங்கப்பூர், மலேசிய, கனடியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு 180 நாளில் 90 நாள் வரை விசா தேவையில்லை. அந்த 90 நாள் கிரீஸுக்கு மட்டுமல்ல, ஷெங்கன் நாடுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து. நடுவில் பாரிஸ் போய்த் தங்கினால் அதுவும் கணக்கில் ஏறும்.

டி விசாவுக்கு அனுமதிக் கடிதம், கட்டணம் கட்டிய ரசீது, தங்குமிடச் சான்று, வங்கிக் கணக்கு, மருத்துவக் காப்பீடு, காவல்துறைச் சான்று கேட்பார்கள். சான்றிதழ்களுக்கு இந்தியாவில் அப்போஸ்டில், அதாவது அவை வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கான முத்திரை வாங்க வேண்டும். முதலில் மாநில அளவில் சரிபார்ப்பு, பிறகு வெளியுறவு அமைச்சகம். நேரம் பிடிப்பது இந்த வேலைதான், விசா அல்ல. செப்டம்பர் கடைசியில் வகுப்பு என்றால் ஏப்ரலில் சான்றிதழ் வேலையைத் தொடங்கிவிடுங்கள். ஆகஸ்டில் கிரேக்க அலுவலகங்களில் பாதிப் பேர் தீவுகளில் இருப்பார்கள். அந்த மாதம் கடிதம் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது வீண்.

வீடும் செலவும்

ஏதென்ஸில் பகிர்ந்த வீட்டில் ஓர் அறைக்கு 350 முதல் 500 யூரோ வரை எதிர்பார்க்கலாம். ஸொக்ராபு பல்கலைக்கழகத்துக்குப் பக்கம், மாணவர் பேட்டை. பங்கிராத்தி கொஞ்சம் விலை அதிகம், நடந்தே நகர மையத்துக்கு வரலாம். கிப்செலி பல நாட்டவர் வாழும் பழைய பேட்டை. அக்ரோபொலிஸ் அடிவாரத்துக் குகாகி அழகுதான், ஆனால் சுற்றுலா வாடகை வீடுகள் அதை விழுங்கிவிட்டன.

வீடு பார்க்கும்போது இரண்டு கேள்வி கட்டாயம். ஒன்று, 'கினோக்ரிஸ்தா' எவ்வளவு? மாடிப்படி விளக்கு, லிஃப்ட், சுத்தம் இதற்கெல்லாம் வரும் பொதுச்செலவு அது. இரண்டு, ஹீட்டர் வீட்டுக்குத் தனியாகவா, கட்டடத்துக்கே ஒன்றாகவா? ஒன்றாக இருந்தால், பக்கத்து வீட்டார் வேண்டாம் என்று தீர்மானித்த நாளில் நீங்களும் குளிரில்தான். ஜனவரி ஏதென்ஸ் குளிரும். அட்வான்ஸ் வழக்கமாக ஒன்று அல்லது இரண்டு மாத வாடகை.

முதல் வாரம்

விமான நிலையத்திலிருந்து மெட்ரோ 9 யூரோ. நகருக்குள் 90 நிமிடச் சீட்டு 1.20 யூரோ. முதல் வேலை, 'ஆஃபிமி' என்று சொல்லும் வரி எண் வாங்குவது. அது இல்லாமல் வாடகை ஒப்பந்தமோ வங்கிக் கணக்கோ நகராது. அடுத்து, டி விசா முடியும் முன் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பம். பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் இதற்கென ஒருவர் இருப்பார். அவரைத் தெரிந்துவைத்துக்கொள்வது பாதி வேலை.

சில்லறை விஷயங்கள்: ஏதென்ஸ் குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். கழிவறைக் காகிதத்தைக் கழிவறைக் கோப்பைக்குள் போடாமல் பக்கத்துக் கூடையில் போட வேண்டும், குழாய்கள் குறுகல். மதியம் மூன்றிலிருந்து (குளிர்காலத்தில் மூன்றரையிலிருந்து) ஐந்தரை வரை அக்கம்பக்கம் அமைதி காக்கும் நேரம். அப்போது மிக்ஸி ஓட்டினால் கீழ்வீட்டுப் பாட்டி கதவைத் தட்டுவார்.

சைவர்கள் பயப்பட வேண்டாம். 'நிஸ்தீசிமா' என்று கேளுங்கள். விரத காலத்துச் சாப்பாடு. இறைச்சி, முட்டை, பால் எதுவும் இருக்காது. ஆனால் கணவாயும் இறாலும் அந்தக் கணக்கில் சேர்த்தி என்பதால் அதை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பயறு சூப்பான ஃபசோலாதா, அரிசி அடைத்த தக்காளியான கெமிஸ்தா, எண்ணெயில் வதங்கிய காய்கறிகளான லதெரா மூன்றும் இருந்தால் வாரம் ஓடிவிடும். காய்கறிக்கு வாரம் ஒருநாள் உங்கள் பேட்டைத் தெருவில் கூடும் 'லைக்கி' சந்தைக்குப் போங்கள். மூடும் நேரத்தில் விலை இறங்கும்.

ஆண்டு முழுவதும் எதை எப்போது பார்ப்பது

அக்ரோபொலிஸை முதல் வாரமே ஓடிப் போய்ப் பார்க்காதீர்கள். 30 யூரோ சீட்டு, நேரம் குறித்த நுழைவு, நல்ல கூட்டம். நவம்பர் முதல் மார்ச் வரை மாதத்தின் முதல் ஞாயிறு அரசுத் தொல்லிடங்கள் இலவசம். மார்ச் 6, ஏப்ரல் 18, மே 18, அக்டோபர் 28, செப்டம்பர் கடைசி வார இறுதி ஆகிய நாள்களிலும் அப்படியே. அதுவரை அகோரா, கெரமெய்கோஸ் இடுகாடு இரண்டையும் நன்றாகச் சுற்றுங்கள். கெரமெய்கோஸில் கூட்டமே இருக்காது. சமாதிக் கற்களைப் பார்த்துவிட்டு மேலே ஏறினால்தான் கோயில்கள் யாருக்காக என்று புரியும். அடிப்பாகம் தேய்ந்த செருப்போடு போகாதீர்கள், பளிங்கு வழுக்கும். ஜூலையில் வெயில் உச்சத்துக்குப் போனால் நண்பகலில் இடத்தையே மூடிவிடுவார்கள்.

இலையுதிர்காலம் தெல்பி, மைசீனி தொல்லிடங்களுக்கும் நாப்லியோ ஊருக்கும். நாப்லியோவை விடாதீர்கள். 1834இல் ஏதென்ஸுக்கு மாறும்வரை அதுதான் புதிய நாட்டின் தலைநகர். வெளியூர்ப் பேருந்துகளுக்குக் 'க்தெல்' (KTEL) என்று பெயர், ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தனி. கிரீட்டில் கினோசோஸ் அரண்மனைக்குப் போனால், சிவப்புத் தூண்களில் பலவும் இருபதாம் நூற்றாண்டுக் கான்கிரீட் என்பதை நினைவில் வைத்துப் பாருங்கள். அதை ரசிப்பதா திட்டுவதா என்று தொல்லியலாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள்.

குளிர்காலம் இசைக்கு. 1922இல் ஸ்மிர்னா (இன்றைய துருக்கியின் இஸ்மிர்) எரிந்து, மறுஆண்டு கிரீஸும் துருக்கியும் செய்துகொண்ட மக்கள் பரிமாற்றத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அகதிகள் சின்ன ஆசியாவிலிருந்து வந்து சேர்ந்தார்கள். ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்துச் சேரிகளில் அவர்களின் பாட்டும் உள்ளூர்ப் பாட்டும் கலந்து வளர்ந்ததுதான் ரெபெத்திகோ. 2017இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஒரு காலத்தில் போலீஸ் அடித்து விரட்டிய பாட்டு என்பதை மறந்துவிடக் கூடாது. சின்னக் கடைகளில் ராத்திரி பத்துக்கு மேல்தான் தொடங்கும். சொந்த மண்ணை இழந்தவர்களின் பாட்டு நம்மில் பலருக்குச் சட்டென்று பிடிபடும்.

வசந்தத்தில் ஈஸ்டர். அவர்களுடைய ஈஸ்டர் மேற்கத்திய நாளோடு பெரும்பாலும் ஒத்துவராது. 2027இல் மே 2. அந்த வாரத்துக்கு ரோம், பாரிஸ் என்று டிக்கெட் போடும் மாணவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும். ஊரில் இருங்கள், முடிந்தால் வகுப்புத் தோழரின் கிராமத்துக்குப் போங்கள். பெரிய வெள்ளியன்று தெருத்தெருவாக மலர்ப் பாடை ஊர்வலம். சனி நள்ளிரவில் தேவாலய முற்றத்தில் விளக்கெல்லாம் அணைத்து, ஒரு சுடரிலிருந்து எல்லோர் மெழுகுவத்தியும் ஏற்றி, சிவப்பு முட்டை மோதி உடைப்பார்கள். வழிபாட்டில் ஓதும் கிரேக்கம் இரண்டாயிரம் ஆண்டு வயதானது. வகுப்பில் படித்த இலக்கணம் காதில் விழும்.

கோடையில் இருந்தால் எபிதாவ்ரோஸ். ஜூலை, ஆகஸ்டு வெள்ளி, சனி இரவுகளில் அந்தப் பழைய கல் அரங்கில் நாடகம் நடக்கும். பெரும்பாலும் இன்றைய கிரேக்கத்தில், ஆங்கில வரிகள் திரையில் ஓடும். நாடகத்தை முதல்நாளே படித்துவிட்டுப் போங்கள். மேல் வரிசைச் சீட்டு மலிவு, குரல் அங்கேயும் கேட்கும்.

வகுப்பும் மார்க்கும்

கிரேக்க மார்க் 10க்கு. ஐந்து பாஸ், எட்டரைக்கு மேல் 'மிகச் சிறப்பு'. ஏழு வாங்கிவிட்டு நூற்றுக்கு எழுபதுதானே என்று சோர்ந்துபோக வேண்டாம். தேர்வு ஜனவரி கடைசியிலும் ஜூனிலும்; தவறினால் செப்டம்பரில் மறுதேர்வு. வேலைநிறுத்தமும் மாணவர் முற்றுகையும் வகுப்பைத் தள்ளிப்போடும். அதனால் ஊர் திரும்பும் விமான டிக்கெட்டைத் தேர்வுக்கு அடுத்த நாளே போடாமல் இரண்டு வாரம் இடைவெளி விடுங்கள்.

கிளம்பும் முன், முத்திரையிட்ட மார்க் பட்டியலோடு ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்டத்தையும் மணிநேரக் கணக்கோடு கேட்டு வாங்குங்கள். ஊரில் கிரெடிட்டை மாற்றும்போது அதைத்தான் கேட்பார்கள். கடைசி மின்கட்டண ரசீதை வீட்டுக்காரரிடம் காட்டினால்தான் அட்வான்ஸ் திரும்ப வரும், அதனால் மீட்டரை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.